கூலிக் கணக்கில் சோப்பும் எண்ணெயும்

“கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது தமிழ் மக்கள் வாயில் வழங்கும் பழமொழி. ஏழைக்கென்றே சொல்லப்பட்ட அறிவுரை அது. குளிக்கவும் கசக்கவும் ஆகும் செலவை யார் கொடுப்பது என்று அந்த அறிவுரை பேசுவதில்லை. இன்றைக்குக் குடும்ப வரவுசெலவு பற்றி நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நடத்துவோரும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். வருமானத்தில் 50 விழுக்காடு தேவைக்கு, 30 விழுக்காடு விருப்பத்திற்கு, 20 விழுக்காடு சேமிப்புக்கு என்று அமெரிக்காவிலிருந்து வந்த விதியொன்றை அவர்கள் ஓதுகிறார்கள். முடிதிருத்தம், தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர் ஆகியவற்றை விருப்பம் என்ற பெட்டியில் போட்டுவிட்டு, கடன் ஏறினால் முதலில் வெட்ட வேண்டியது இந்தச் செலவைத்தான் என்கிறார்கள்.

மாதச் சம்பளம் வாங்கும் நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு இந்த அறிவுரை ஓரளவு பொருந்தலாம். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும், இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் உழைக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்துக்கு இது பொருந்தாது. அங்கே உடலைப் பேணும் செலவு வெட்டப்பட வேண்டிய ஆடம்பரமாக இல்லை; கூலியில் ஒருபோதும் முறையாகச் சேர்க்கப்படாத தேவையாக இருக்கிறது. சிக்கனம் பற்றிப் பேசுவதற்கு முன், இந்தச் செலவு கூலிக் கணக்கில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டியது தொழிலாளி வர்க்க இயக்கத்தின் கடமையாகும்.

இந்தியாவில் குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடும் முறைக்கு அடித்தளமிட்டது 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு. ஊட்டச்சத்து அறிஞர் அய்க்ராய்டு வகுத்தபடி ஒருவருக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி உணவு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தை ஒட்டிய வாடகை. இவற்றோடு எரிபொருள், விளக்கு, இதர செலவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தக் கூலியில் 20 விழுக்காடு. இதுவே அந்தச் சூத்திரம். 1991இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக இன்னும் 25 விழுக்காட்டைச் சேர்க்க வேண்டும் என்றது. இரண்டுமே உழைப்பாளர் இயக்கம் உயர்த்திப் பிடித்துவரும் வெற்றிகள். ஆயினும் இந்தப் பட்டியலில் சோப்பு எங்கே, எண்ணெய் எங்கே, முடிவெட்டுக் கூலி எங்கே என்று தேடினால், அவை விறகோடும் விளக்கோடும் “இதர செலவுகள்” என்ற ஒரே சாக்கில் கிடக்கின்றன.

ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றுள் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்புக்கு 2020இல் வெளியிடப்பட்ட வரைவு விதிகளும் இந்தப் பழைய சாக்கையே தூக்கி வந்தன. துணி 66 மீட்டர் என்று அளவு மாறியது. எரிபொருள், மின்சாரம், இதர செலவு ஆகியவற்றுக்கு 20 விழுக்காடு என்பது அப்படியே நின்றது. 1957இல் தொழிலாளி வீட்டில் மின்கட்டணமும் இல்லை, கைப்பேசிக் கட்டணமும் இல்லை. இன்று அவையும் அந்த 20 விழுக்காட்டுக்குள்தான் புக வேண்டும். உள்ளே புகுவது பெருகும்போது வெளியே தள்ளப்படுவது எது? சமையல் எரிவாயுவைத் தள்ள முடியாது. மின்கட்டணத்தைத் தள்ளினால் இணைப்பு போய்விடும். பெண்களின் உடல் சார்ந்த செலவே எப்போதும் பின்னுக்குப் போகிறது.

இந்தச் சூத்திரத்தில் இன்னொரு குறையும் உண்டு. குடும்பத்தில் உழைப்பவர் ஆண்; அவர் ஓர் அலகு. மனைவி 0.8 அலகு. குழந்தைகள் இருவரும் தலைக்கு 0.6 அலகு. ஆக மூன்று அலகு என்பது அதன் கணக்கு. மூணாறு மலையில் கொழுந்து பறிப்பவர் யார்? பெண். விடியலில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படுதாவைக் கட்டிக்கொண்டு மழையிலும் பனியிலும் சரிவில் நிற்பவள் அவள். சூத்திரத்தின்படி அவள் முழு மனிதருக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தவள். அவளுடைய விரல்களில் ஏறும் கொழுந்துக் கறை சாதாரணக் கழுவலில் போவதில்லை. மழைக்காலத்தில் கால்களில் அட்டை ஏறாமலிருக்க உப்பு முதலியவற்றைப் பூசிக்கொள்ள வேண்டும். அந்தக் குளிரில் குளிக்க வெந்நீர் வேண்டும். வெந்நீருக்கு விறகு வேண்டும். கழிப்பிடத்துக்கும் குடிநீருக்கும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகை செய்திருந்தும், கொழுந்துக் காட்டில் ஒதுங்கக் கூரை இல்லாத நிலையைப் பெண்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். மாதவிலக்கு நாட்களில் இது என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்த உழைப்புக்கு உடலைப் பேணுவது என்பது கத்திக்குச் சாணை பிடிப்பது போன்றது. தேயிலை வெட்டும் கத்திரிக்கு ஆகும் செலவு நிர்வாகத்தின் கணக்கில் ஏறுகிறது; பறிக்கும் கைக்கு ஆகும் செலவு தொழிலாளியின் தலையில் விழுகிறது.

2015 செப்டம்பரில் மூணாறு கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண்கள் “பெம்பிளை ஒருமை” என்ற பெயரில் சாலையில் அமர்ந்தார்கள். போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த போராட்டம் 20 விழுக்காட்டைப் பெற்றது. அடுத்து நாள்கூலியை 232 ரூபாயிலிருந்து 500 ஆக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, 301 ரூபாயில் உடன்பாடு ஏற்பட்டது. அந்தப் பெண்கள் எல்லாத் தொழிற்சங்கங்களையும் தள்ளி நிறுத்தினார்கள் என்பதை இடதுசாரி இயக்கம் மறைக்கவோ மறக்கவோ கூடாது. கொழுந்தின் எடையைப் பற்றியும் போனஸின் விழுக்காட்டைப் பற்றியும் பேச்சுவார்த்தை மேசையில் பேசத் தெரிந்த ஆண் தலைமைக்கு, லயத்து வீட்டுக்குள் பெண் போடும் கணக்கு எட்டாமல் போனது அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம். அந்தக் கணக்கை மேசைக்குக் கொண்டுவருவதே சரியான பதிலாக இருக்கும்.

மலையிலிருந்து இறங்கிப் பாலக்காட்டுச் சமவெளிக்கு வந்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. நூறு நாள் வேலைக்குக் கேரளத்தில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 369 ரூபாய். இந்தக் கூலி விவசாயத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை ஒட்டி உயர்த்தப்பட்டுவந்தது. 1986-87ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்தக் குறியீட்டெண்ணின் பொருள் கூடை, 1983இல் நடந்த குடும்பச் செலவு ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. அதை மாற்றி 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்தது 2025இல்தான். அதாவது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, கிராமத்து ஏழை 1983இல் என்ன வாங்கினாரோ அதையே வாங்கிக்கொண்டிருப்பார் என்று அரசு எண்ணிக்கொண்டது. அன்றைக்குப் பல் துலக்கச் சாம்பலும் செங்கல்தூளும், தலைக்குச் சீயக்காயும் அரப்பும், மாதவிலக்குக்குப் பழந்துணியும் இருந்தன. அவற்றின் இடத்தைப் பற்பசையும் ஷாம்பூவும் நாப்கினும் பிடித்து ஒரு தலைமுறை கடந்துவிட்டது. கூலிக் கணக்கு மட்டும் சாம்பலிலேயே நின்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் கொண்ட குடும்பம். பெரியவர் இருவர், பள்ளி செல்லும் மகளும் மகனும். நடுத்தர விலையில், தோராயமாக: குளியல் சோப்பு நான்கு 140 ரூபாய், சலவை சோப்பும் தூளும் 150, தேங்காய் எண்ணெய் அரை லிட்டர் 200, பற்பசை, பல்துலக்கி 90, ஷாம்பூ பொட்டலங்கள் 30, தாய்க்கும் மகளுக்கும் நாப்கின் 80, தந்தைக்கும் மகனுக்கும் முடிவெட்டு 240, சவர பிளேடு 20. கூட்டினால் மாதம் 950 ரூபாய். இதில் பவுடர் இல்லை, வளையல் இல்லை, திருவிழாவுக்கு வாங்கும் பூ இல்லை. ஆண்டுக்கு 11,400 ரூபாய். 369 ரூபாய்க் கூலியில் இது ஏறத்தாழ 31 நாள் உழைப்பு. நூறு நாள் வேலை முழுமையாகக் கிடைத்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு, உடம்பையும் துணியையும் சுத்தமாக வைத்துக்கொள்வதற்கே போகிறது. எந்தச் சிக்கனப் பாடம் இதைக் குறைக்கும்? மகளின் நாப்கினையா, மகனின் முடிவெட்டையா, எதை வெட்டுவது?

கூலிக் கணக்கு மறந்துபோன இந்தத் தேவையைச் சந்தை மறக்கவில்லை. கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த பொட்டல வணிகம், அவருடைய பிள்ளைகள் காலத்தில் வெல்வெட் என்றும், 1983இல் தொடங்கிய சிக் நிறுவனத்தின் ஷாம்பூ என்றும் கிராமங்களுக்குள் நுழைந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. மொத்தமாக ஒரு புட்டி வாங்கப் பணமில்லாதவர்களிடம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாகப் பெறுவது இந்த வணிகத்தின் அடிப்படை. தினக்கூலிக்காரருக்கு இது வசதிதான். அந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. மூலப்பொருள் விலை ஏறும்போது ஐந்து ரூபாய்ச் சோப்பு ஐந்து ரூபாயாகவே இருக்கும். எடை மட்டும் குறையும். வாங்குபவர் விலையேற்றத்தை உணர்வதில்லை. மாதத்துக்கு மூன்று சோப்பு போதுமாக இருந்த வீட்டில் நான்கு தேவைப்படும்போதுதான் விவரம் தெரிகிறது.

ஒன்றிய அரசின் வரிக்கொள்கையும் இங்கே நினைக்கத்தக்கது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது குங்குமத்துக்கும் பொட்டுக்கும் கண்ணாடி வளையலுக்கும் வரி இல்லை. சானிட்டரி நாப்கினுக்கு 12 விழுக்காடு. பெண்ணின் உடலில் எது இன்றியமையாதது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நாடு முழுவதும் பெண்கள் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின், 2018 ஜூலையில் அந்த வரி நீக்கப்பட்டது. குளியல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், ஷாம்பூ ஆகியவற்றின் மீதான 18 விழுக்காடு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைக்கப்பட்டு, மக்களுக்கு அளிக்கப்பட்ட பரிசாக விளம்பரப்படுத்தப்பட்டது. இத்தனை ஆண்டுகள் ஏழையின் சோப்பில் 18 விழுக்காடு வாங்கியது யார் என்ற கேள்விக்கு அந்த விளம்பரத்தில் இடமில்லை. அந்தக் குறைப்பும் எல்லோருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. ஒரு ரூபாய்ப் பொட்டலத்தின் விலை கணக்குப்படி 89 காசாக வேண்டும். 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011இலேயே செல்லாதவையாகிவிட்டன. மீதி 11 காசைக் கடைக்காரர் எதைக் கொண்டு கொடுப்பார்? பெரிய புட்டி வாங்குபவர் கையில் பத்து இருபது ரூபாய் மிஞ்சும். பொட்டலம் வாங்குபவருக்கு அது அவ்வளவு நேராக வந்து சேராது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். அழகுச் சந்தையின் மாயையைத் தோலுரிக்க வேண்டிய இயக்கம், அந்தச் செலவுக்குப் பணம் கேட்கலாமா? ஆட்சேபம் நியாயமானது, பதிலும் உண்டு. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்து, கறுப்பு நிறத்தை ஒரு குறையாகக் காட்டி விற்ற சிவப்பழகுப் பசை, உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் ஓங்கிய 2020இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. உழைக்கும் பெண்ணின் மனத்தில் தாழ்வுணர்வை விதைத்து, அதற்கு மருந்தென்று சொல்லிப் பணம் பறிக்கும் வணிகம் எதிர்க்கப்பட வேண்டியதே. ஆனால் அந்த எதிர்ப்பு, சுத்தமான துணியும் எண்ணெய் தேய்த்த தலையும் கண்ணாடி முன் நிற்கும் ஐந்து நிமிடமும் ஏழைப் பெண்ணுக்கு எதற்கு என்று கேட்கும் பண்ணையாரின் குரலாக மாறிவிடக் கூடாது.

உழைப்புச் சக்தியின் மதிப்பில் வரலாறும் ஒழுக்கமும் சார்ந்த ஒரு கூறு உண்டு என்று மார்க்ஸ் மூலதனத்தின் முதல் தொகுதியில் விளக்குகிறார். உயிர் பிழைக்கத் தேவையானது மட்டுமன்று, அந்த நாட்டில் அந்தக் காலத்தில் தொழிலாளி வர்க்கம் எத்தகைய வாழ்வுக்குப் பழகியிருக்கிறதோ அதுவும் கூலியைத் தீர்மானிக்கும். இரண்டாம் தொகுதியில் புகையிலையை உதாரணம் காட்டுகிறார்: உடற்கூற்றின்படி அது தேவையா என்பது கேள்வியன்று, வழக்கத்தில் அது தேவையாகிவிட்டதா என்பதே கேள்வி. அவருக்கு முன்னரே ஆடம் ஸ்மித், லினன் சட்டையின்றி வெளியே வரக் கூசும் நிலை வந்துவிட்டால் அந்தச் சட்டை அத்தியாவசியப் பொருளே என்று வாதிட்டார். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் விற்பனைக்கு நிற்கப் போகும் பெண்ணிடம் முதலாளி தோற்றத்தை எதிர்பார்க்கிறார். அந்தத் தோற்றத்துக்கு ஆகும் செலவை அவர் கொடுப்பதில்லை. வேலைக்குத் தேவையானது கூலியில் சேராவிட்டால், அது கூலியிலிருந்து பிடிக்கப்படும் பணமே.

கேரள மண்ணுக்கு இது புதிய பாடமன்று. நாடார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி, 1859இல் திருவிதாங்கூர் அரசின் ஆணையைப் பெற்றார்கள். 1915இல் பெரிநாட்டுப் போராட்டத்தையொட்டி, சாதி அடையாளமாகக் கழுத்தில் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளைப் புலையர் பெண்கள் அய்யன்காளியின் தலைமையில் அறுத்தெறிந்தார்கள். உடலில் எதை அணிவது, எப்படித் தோன்றுவது என்பது அங்கே அழகுக் கேள்வியாக இருக்கவில்லை; யார் மனிதர் என்ற கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்வி முடிந்துவிடவும் இல்லை. பாலக்காட்டின் முதலமடை ஊராட்சியில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பின் சக்கிலியர் குடும்பங்கள் குடிநீரிலும் தேநீர்க் கடையிலும் தங்களுக்குக் காட்டப்படும் பாகுபாட்டை 2017இல் வெளியே கொண்டுவந்தன. இடுக்கியின் வட்டவடையில், தோழர் அபிமன்யு பிறந்த அதே மண்ணில், சக்கிலியருக்கு முடிதிருத்தும் கடைகளின் கதவு அடைத்தே கிடந்தது. கையில் காசு இருந்தும் முடிவெட்டிக்கொள்ள நாற்பது கிலோமீட்டருக்கும் மேலே மூணாறு வரை போக வேண்டிய நிலை. பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியிழப்பும் சேர்ந்தால் அந்த முடிவெட்டின் விலை என்ன என்பதை எந்தக் குறியீட்டெண்ணும் சொல்லாது. 2020 செப்டம்பரில் வட்டவடை ஊராட்சி, எல்லோருக்கும் பொதுவான முடிதிருத்தகம் ஒன்றைக் கோவிலூரில் திறந்தது. ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் செலவில் ஒரு கண்ணாடியையும் ஒரு நாற்காலியையும் வைத்தபோது, அது தனிமனிதரின் அழகுச் செலவை ஊர்ப் பொதுச்செலவாக்கியது. சாதியின் ஒரு முடிச்சையும் அவிழ்த்தது.

இதிலிருந்து எழும் கோரிக்கைகள் எட்டாதவை அல்ல. முதலாவது, தோட்டத் தொழிலாளர் கூலிப் பேச்சுவார்த்தையிலும் குறைந்தபட்சக் கூலிக் குழுக்களிலும் உடல் பேணும் செலவு “இதர”த்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித் தலைப்பில் எழுதப்பட வேண்டும். 0.8 அலகு என்ற அவமதிப்பு நீங்கி, பெண்ணும் ஓர் அலகாக எண்ணப்பட வேண்டும். இரண்டாவது, கேரள உள்ளாட்சிகளின் திட்ட நிதியில் குறைந்தது 10 விழுக்காடு மகளிர் கூறுத் திட்டத்துக்கு உரியது. ஆலப்புழை நகராட்சி 2019இல் 5000 மாதவிலக்குக் குப்பிகளை வழங்கியது. எறணாகுளத்தின் கும்பளங்கி ஊராட்சி 2022இல் அதே வழியில் நடந்தது. எல்லைப் பகுதி ஊராட்சிகளிலும், போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் நாள்தோறும் ஜீப்பில் ஏலத் தோட்டங்களுக்கு வரும் பெண்களையும் உள்ளடக்கி இது செய்யப்படலாம். தமிழில் விளக்கமும் கழுவத் தண்ணீருள்ள கழிப்பிடமும் அதனுடன் வர வேண்டும். இல்லாவிட்டால் குப்பி அலமாரியில் தூங்கும். மூன்றாவது, சப்ளைகோ மானிய விலையில் தரும் 13 பொருட்களில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது, சோப்பு இல்லை. கோழிக்கோட்டில் 1914இல் தொடங்கிய சோப்புத் தொழிற்கூடத்தின் வழிவந்த கேரளா சோப்ஸ் மாநிலப் பொதுத்துறையின் சொத்து. குடும்பஸ்ரீ குழுக்களுக்கும் சோப்புத் தயாரிப்பு புதிதல்ல. பொதுத்துறையின் சோப்பு மாவேலிக் கடையில் மானிய விலையில் ஏழைக்குக் கிடைப்பதற்குக் குறுக்கே நிற்பது அரசியல் முடிவு ஒன்றே.

கிளைகள் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. லயத்திலும் குடியிருப்பிலும் பத்து வீடுகளைத் தேர்ந்து, ஒரு மாதம் முழுதும் சோப்பு முதல் முடிவெட்டு வரை ஆகும் செலவைப் பெண்களே சொல்லப் பெண் தோழர்களே எழுதிக்கொள்ள வேண்டும். எது வாங்கப்பட்டது என்பதோடு, எது வேண்டியிருந்தும் வாங்கப்படவில்லை என்பதும் அந்த ஏட்டில் ஏற வேண்டும். மேலே தோராயமாகப் போடப்பட்ட 950 ரூபாய் அந்த ஏட்டின் முன் திருத்தப்படட்டும். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கு அந்த ஏட்டுடன் போகும் சங்கத்தைப் பெண்கள் தள்ளி நிறுத்த மாட்டார்கள்.